வெளிநாட்டுக்குப் படிக்கப் போறேன், மிருதங்கத்தை என்ன பண்றது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். இன்ஜினியரிங் முடிச்சாச்சு. மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனில ஒரு அட்மிஷன், இங்கிலாந்துல ஒரு அட்மிஷன் கையில இருக்கு. எதுன்னு இந்த மாசத்துக்குள்ள சொல்லணும். கோர்ஸ் எப்படி, காலேஜ் எப்படின்னு கேக்க வரல, அதுக்கு வேற இழை ஓடுது. நான் கேக்கறது மிருதங்கத்தைப் பத்தி.

சின்ன வயசுல இருந்து வாசிக்கிறேன். பாடலீஸ்வரர் கோயில்ல மார்கழிக்கும் வைகாசித் திருவிழாவுக்கும் பாட்டுக்கு வாசிப்பேன். மத்த நாள்ல ரெண்டு பரதநாட்டிய வகுப்புக்குப் போவேன். பெரிய வித்வான்லாம் இல்ல. ஆனா நாட்டியத்துல நீளமான உருப்படியான ஒரு வர்ணத்தை முழுசா கீழ விழாம தாங்குவேன்.

அங்க போனா வாசிக்க ஆள் கிடைப்பாங்களா? கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வருமா? என்கிட்ட தக்கு (தாழ்ந்த சுருதி மிருதங்கம்) ஒண்ணு, ஹெச்சு (உயர்ந்த சுருதி) ஒண்ணு இருக்கு, பெட்டிக் கணக்குப்படி ஒண்ணுதான் போகும். எதை எடுத்துட்டுப் போறது? எங்கப்பா "படிக்கப் போறியா, பஜனைக்குப் போறியா"ன்னு கேட்டு முடிச்சுட்டார். அதான் இங்க வந்தேன்.

தேவனாம்பட்டினம்_காத்து

அப்பா சொன்னதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்ல? ஜெர்மனில ஞாயித்துக்கிழமை சுவத்துல ஆணி அடிச்சாலே சண்டைக்கு வருவாங்களாம். நீ மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பியில, ஒரு தொம் போட்டா கீழ்வீட்டுப் பாட்டி போலீஸக் கூப்பிட்டுடும். பாத்து மச்சி.

சொல்தா_பேரன் (புதுச்சேரி, இப்ப லியோன்)

தம்பி கேக்காத நாட்டைப் பத்திச் சொல்றேன், கோவிச்சுக்காத. பாண்டிப் பசங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்கு ஆகட்டும்.

பிரான்ஸ்ல கொஞ்சம் பெரிய ஊர்னாலே கன்சர்வத்துவார்னு அரசு இசைப்பள்ளி ஒண்ணு இருக்கும். முழுநேர மாணவனா சேரணும்னு இல்ல. நிறைய இடத்துல பெரியவங்களுக்குச் சாயங்கால வகுப்பு, கூட்டிசைக் குழுன்னு தனியா நடத்துறாங்க. கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து, அதனால மாணவன்னா குறையும். ஆனா பதிவு கோடையிலயே ஆரம்பிச்சு செப்டம்பர்ல முடிஞ்சுடும். செப்டம்பர்ல இறங்கி, வீடு தேடி, பேங்க்ல கணக்குத் திறந்து, அப்புறம் நிதானமா அக்டோபர்ல போய் நின்னா கதவு சாத்தியிருக்கும். இங்க இருக்கும்போதே மெயில் போட்டுடுங்க.

ஜூன் 21 நம்ம ஊர்க்காரங்களுக்கே தெரியும். 1982ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச இசை விழாதான் நம்ம பாண்டி அலியான்ஸ் பிரான்சேஸ் வரைக்கும் வந்திருக்கு. அன்னிக்கு இங்க தெருமுனையில யார் வேணா உக்காந்து வாசிக்கலாம். அந்த ஒரு ராத்திரி யாரும் அதட்ட மாட்டாங்க. பாரீஸ்ல மெட்ரோ சுரங்கத்துக்குள்ள வாசிக்கறவங்களைப் பாத்து ஆசைப்படாதீங்க, அது சும்மா உக்கார்ற இடம் இல்ல. 1997ல இருந்து தேர்வு வச்சு அட்டை குடுக்கறாங்க, அட்டை இல்லாதவனுக்கு அபராதம்.

மரக்காணம்_உப்பு

சொல்தா அண்ணே, தாத்தா பட்டாளத்துல இருந்த புண்ணியத்துல உங்களுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. நீங்க மெட்ரோவுலயும் வாசிப்பீங்க, மேடையிலயும் வாசிப்பீங்க. விசா ஒட்டிக்கிட்டு வர்றவனுக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்க.

சொல்தா_பேரன்

நியாயமான கேள்வி. என் பாஸ்போர்ட்டை வச்சு உங்களுக்கு வழி சொன்னா தப்பாத்தான் போகும். கூட இருக்கற பசங்களுக்கு நடக்கறதைச் சொல்றேன்.

மாணவர் விசாவுல வருஷத்துக்கு 964 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பாக்கலாம். முழுநேர வேலைக்காரனோட சட்டப்படியான வருஷ நேரத்துல அது 60 சதவீதம். அதுக்குள்ள கச்சேரிக் காசும் வரும். இந்த ஊர்ல மேடையில காசுக்கு வாசிக்கறவனைச் சட்டம் சம்பளக்காரனாத்தான் பாக்குது. பில் புத்தகம் அடிச்சு வச்சுக்கிட்டு "என் சன்மானம் இவ்வளவு"ன்னு வாங்க முடியாது. கூப்பிடறவங்க உனக்கு ஒரு நாள் சம்பளக்காரன்னு ஒப்பந்தம் போட்டு, சமூகப் பாதுகாப்புக்கும் கட்டணும். சங்கம், கோயில், ரெஸ்டாரன்ட் மாதிரி மேடை நிகழ்ச்சி முக்கியத் தொழிலா இல்லாதவங்க இதையெல்லாம் ஒரே இடத்துல முடிக்க கூசோன்னு ஒரு அரசு இணையதளம் இருக்கு. "கூசோல பதிவு பண்றீங்களா?"ன்னு கேளுங்க. ஆமான்னா தைரியமாப் போங்க. "அதெல்லாம் எதுக்குப்பா"ன்னு இழுத்தா சும்மா வாசிக்கறதா சொல்லிட்டு வந்துடுங்க, இல்ல போகவே போகாதீங்க.

பாரீஸ் லா ஷப்பேல் பக்கம் மாணிக்க விநாயகர் கோயில் தேர் கோடை முடிவுல வரும். நாயனமும் தவிலும் காது கிழியும். அங்க போய் நின்னீங்கன்னா ஊர்ல இருக்கற பாட்டு டீச்சர், டான்ஸ் டீச்சர் பாதிப் பேரை அன்னிக்கே பாத்துடலாம்.

நெல்லிக்குப்பத்துக்காரி (லண்டன்)

கெடிலக்கரைத் தம்பி, இங்கிலாந்து எடுக்கறதா இருந்தா இதை முதல்ல மண்டையில ஏத்திக்கோ.

டிகிரி படிக்கறவங்க பாடம் நடக்கற காலத்துல வாரம் 20 மணி நேரம் வேலை பாக்கலாம். எல்லா ஏஜென்ட்டும் இதோட நிறுத்திப்பாங்க. அடுத்த வரியைப் படிச்சுக் காட்ட மாட்டாங்க. ஸ்டூடன்ட் விசாவுல சுயதொழில் கூடாது. தொழில்முறைக் கலைஞராவோ விளையாட்டு வீரராவோ வேலை பாக்கக் கூடாது. சூப்பர்மார்க்கெட்ல பில் போடலாம், காபி ஆத்தலாம், நர்சிங் ஹோம்ல ராத்திரி முழிக்கலாம். கச்சேரிக்குக் கை நீட்டக் கூடாது. வீட்டுக்கு வீடு போய் மிருதங்கம் சொல்லிக்குடுத்துக் காசு வாங்கறதும் சுயதொழில்தான், நினைவு வச்சுக்கோ. இசையே பாடமாப் படிக்கறவங்களுக்குப் படிப்போட சேர்ந்து வர்ற பயிற்சிக்கு மட்டும் தனி வழி உண்டு, உனக்கு அது ஆகாது.

நான் பாட்டு. நான் வந்த புதுசுல தீபாவளி விழா நடத்தற ஒருத்தர், "கவர்ல போட்டுக் கையில குடுத்துடறோம்மா, யாருக்குத் தெரியப் போகுது"ன்னார். அவரே என் போட்டோ போட்டு போஸ்டர் அடிப்பார், அவரே யூட்யூப்ல ஏத்துவார், அவரே நன்றியுரையில என் பேரைச் சொல்லுவார். அப்புறம் யாருக்குத் தெரியப் போகுதுன்னா? காசு வேணாம், பாடறேன்னேன். மனுஷன் அப்புறம் கூப்பிடவே இல்ல. இலவசமாப் பாடறவங்களுக்கு மவுசு அவ்வளவுதான்னு புரிஞ்சுது.

அதுக்காகச் சும்மா இருக்கணும்னு இல்ல. இங்க பெரும்பாலான பல்கலைக்கழகத்துல மியூசிக் சொசைட்டின்னு மாணவர் அமைப்பு உண்டு. செப்டம்பர் கடைசியில புது மாணவர்களுக்குன்னு ஒரு வாரம் மேசை போட்டு ஆள் சேர்ப்பாங்க, அந்த வாரத்தை விடாத. மியூசிக் படிக்காத மாணவர்களுக்கும் ஆடிஷன் வச்சு இசை உதவித்தொகை தர்ற பல்கலைக்கழகங்கள் நிறைய. தொகை சின்னதா இருக்கும், ஆனா கூடவே பிராக்டிஸ் ரூம் சாவி வரும். இந்த ஊர் வாடகை வீட்டுல இருந்து பாரு, அந்தச் சாவியோட அருமை தெரியும். விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி "மிருதங்கத்தை எடுத்துப்பீங்களா"ன்னு ஒரு வரி எழுதிக் கேளு. நான் பாத்த வரைக்கும் தாளவாத்தியம்னதும் ஆர்வமாப் பதில் போடறாங்க. விசா சந்தேகம் வந்தா நண்பர்கிட்ட கேக்காத, பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கும், அங்க கேட்டுப் பதிலை எழுத்துல வாங்கு.

லண்டனா இருந்தா மேற்கு கென்சிங்டன்ல பாரதிய வித்யா பவன். 1972ல இருந்து நடக்குது. பாட்டு, வீணை, மிருதங்கம், பரதம் எல்லாம் ஒரே கட்டடத்துல. முதல் நாள் சும்மா போய் வராந்தாவுல நின்னுக்கிட்டிரு. மிருதங்கம் வாசிக்கற பையன்னு தெரிஞ்சா அவங்களே வந்து பேசுவாங்க.

கணக்குப்புள்ள (சிதம்பரம்)

எல்லாரும் கச்சேரி, கோயில், தேர்னு பேசறீங்க. நான் கணக்கை மட்டும் பேசறேன். ஜெர்மனிக்கு விசாவுக்காக முடக்கி வைக்கற ப்ளாக்டு அக்கவுன்ட்ல ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், மாசம் 992 எடுக்கலாம். முக்கால்வாசிப் பேர் அதைக் கடன்ல காட்டறாங்க. அங்க போய் முதல் செமஸ்டர்ல நாலு பாடம் போச்சுன்னா வட்டி யார் கட்டுவா? சனிக்கிழமை பகுதிநேர வேலைக்குப் போனா மணிக்கு இவ்வளவுன்னு கைக்கு வரும். ரயில் ஏறிப் போய், மூணு மணி நேரம் வாசிச்சு, புளியோதரை சாப்பிட்டுட்டு வந்தா என்ன வரும்? முதல் வருஷம் மிருதங்கத்தை வீட்டுலயே விட்டுட்டுப் போ தம்பி.

நெல்லிக்குப்பத்துக்காரி

அண்ணா, அந்தப் புளியோதரைக்காகவே நான் போயிருக்கேன். நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டற ஊர்ல தனி ரூம்ல உக்காந்து பாத்தாத்தான் அது தெரியும்.

வேலையை விட்டுட்டு வாசின்னு நான் எழுதவே இல்ல. காசுக்கு வேலை வேற, வாசிப்பு வேற, ரெண்டையும் கலக்காதன்னுதான் எழுதினேன். கலந்தா விசாவுக்கே ஆபத்து. கலக்காம இருந்தா வாரத்துல ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் செலவு.

ஓய்வுபெற்ற_வாத்தியார் (அரியாங்குப்பம்)

தம்பிக்கு ஆசிகள். இங்கே பாரதியார் பல்கலைக்கூடத்திலிருந்தும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையிலிருந்தும் வெளிநாடு போன பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் இசைக்காகவே போனவர்கள். நீங்கள் இன்ஜினியரிங் படிக்கப் போகிறீர்கள். இரண்டு நிலைமையும் வேறு.

கணக்குப்புள்ள சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் வாத்தியத்தை வீட்டிலேயே விட்டுப்போகச் சொல்வதை ஏற்கமாட்டேன். பாடகர் ஒரு வருடம் பாடாமல் இருந்தால் குரல் கொஞ்சம் கரடு தட்டும், இரண்டு மாத சாதகத்தில் திரும்ப வந்துவிடும். மிருதங்கக்காரருக்கு விரல் போய்விடும். சாப்பு என்னும் வலது கைச் சொல்லின் தெளிவு திரும்பி வரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வாத்தியம் எடுக்க முடியாத நாளில் கொன்னக்கோல் (ஜதிகளை வாயால் சொல்வது) சொல்லுங்கள், தொடையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். சத்தம் வெளியே போகாது.

குருவிடம் இணையத்தில் பாடம் தொடரலாம். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம்தான். அங்கே மதியம் என்றால் இங்கே மாலை. ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் தாளம் போட முடியாது. குரு வாசிப்பதைக் கேட்டு, பிறகு நீங்கள் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். சேர்ந்து வாசிக்கும் பழக்கத்துக்கு அங்கே நேரில் ஒரு பாடகரோ வயலின்காரரோ கட்டாயம் வேண்டும். நான் உங்களை ஆள் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான், கச்சேரி ஆசை அல்ல.

இன்னொன்று. அங்குள்ள தமிழர்களிடம் மட்டும் போய் நின்றுவிடாதீர்கள். வீணை தனம்மாளின் பேரர்களான டி. விஸ்வநாதனும் டி. ரங்கநாதனும் 1960களிலேயே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று புல்லாங்குழலும் மிருதங்கமும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களிடம் கற்ற அமெரிக்கர்கள் பின்னாளில் ஆசிரியர்களே ஆனார்கள். ஐரோப்பாவிலும் ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரியில் ரஃபேல் ரெய்னா என்னும் ஸ்பானியர் நம் தாள முறைகளை மேற்கத்திய இசைக்காரர்களுக்குப் பாடமாகவே வகுத்திருக்கிறார். ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கும் மாணவனிடம் போய்க் கண்ட நடையில் (அடிக்கு ஐந்து எண்ணிக்கை) ஒரு மோரா (மூன்று முறை திரும்பி வரும் முடிப்பு) சொல்லிக் காட்டுங்கள். அவன் உங்களை விடமாட்டான். நீங்களும் அவனிடம் கற்க நிறைய இருக்கிறது. முக்கியமாக, பக்கத்து வாத்தியத்தைக் கேட்டுச் சத்தத்தைக் குறைத்து வாசிப்பது. நம் பிள்ளைகளுக்கு மைக் வைத்தே பழகிவிட்டது.

ரூர்_தமிழன் (ஜெர்மனி)

தம்பி, நான் யாழ்ப்பாணம். இஞ்ச ரூர் பக்கம் கனகாலமா இருக்கிறன். உங்கட கடலூர் ஆக்களை இந்தக் களத்திலைதான் தெரியும். ஜெர்மனிக்கு வாறதெண்டால் கேளுங்கோ.

ஹம் நகரிலை காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002இலை குடமுழுக்கு நடந்தது. தேருக்கு ஆயிரக்கணக்கிலை சனம் வரும். ஆனால் கோயிலுக்குத் தவிலும் நாயனமும்தான், உங்கட மிருதங்கத்துக்கு அங்க வேலை குறைவு. மிருதங்கம் வேணுமெண்டு அந்தரப்படுறது நடனப் பள்ளியள்தான். எங்கட பிள்ளையள் சின்னனிலை இருந்தே பரதம் பழகினம், வாய்ப்பாட்டு பழகினம். அரங்கேற்றத்துக்கு இந்தியாவிலை இருந்தோ லண்டனிலை இருந்தோ பக்கவாத்தியம் கூப்பிடுவினம். அது ரெண்டு கிழமைக் கதை. அதுக்கு முன்னம் மாசக்கணக்கா ஒத்திகை இருக்குமெல்லோ, அதுக்கு ஆள் இல்லை. டீச்சர்மார் ரெக்கோர்டிங்கைப் போட்டுப் பழக்கினம். பிள்ளை ஒரு அடவிலை தடுமாறினால் ரெக்கோர்டிங் நிண்டு பார்க்குமோ? நீங்கள் ஒரு வர்ணம் தாங்குவன் எண்டு எழுதினதைப் பாத்திட்டுத்தான் நான் இதிலை எழுத வந்தனான்.

சத்தப் பிரச்சினை உண்மை. இரவு பத்திலை இருந்து காலமை ஆறு மட்டும் அமைதி நேரம், ஞாயிறும் விடுமுறையும் முழு நாளும். ஆனால் கீழ்வீட்டு மனுசியோடை முதலே கதைச்சு, இந்த நேரத்திலை அரை மணித்தியாலம் வாசிப்பன் எண்டு சொல்லி வைச்சால் பெரும்பாலும் ஓம் எண்டுவினம். சொல்லாமல் வாசிச்சால்தான் கடிதம் வரும்.

விருத்தாசலம்_ஆஹன்

ரூர் அண்ணன் சொன்னதோட விசா விஷயத்தை நான் சேத்துடறேன். ஜெர்மனில மாணவர்களுக்கு 2024 மார்ச்ல இருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம். அதுக்கு முன்ன 120, 240தான். பல்கலைக்கழகத்துலயே உதவியாளர் வேலைன்னா அது இந்தக் கணக்குல வராது. ஆனா இதெல்லாம் சம்பளக்காரனுக்கு. நீயே பில் போட்டுக் கச்சேரிக்கு வாங்கறது, கிளாஸ் எடுத்து வாங்கறது சுயதொழில், அதுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்துல தனியா அனுமதி கேக்கணும். இங்கிலாந்து மாதிரி அடியோட கூடாதுன்னு இல்ல, கேட்டா கிடைக்கவும் செய்யும். கேக்காம பண்ணாத.

எங்க யூனிவர்சிட்டி மாதிரி நிறைய இடத்துல மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா, கூட்டுப்பாடல் குழு உண்டு. செமஸ்டர் ஆரம்பத்துல ஆடிஷன். தாளவாத்தியப் பகுதிக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியணும், அது ஒண்ணுதான் நமக்கு இடிக்கும். டிக்கெட் செலவைக் கணக்குப்புள்ள அண்ணன் எழுதிட்டார். இங்க பல யூனிவர்சிட்டில செமஸ்டர் கட்டணத்தோடயே ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில்ல போற டிக்கெட் வந்துடுது. ஆஹன்ல இருந்து ஹம் வரைக்கும் நான் கைக்காசு போடாமத்தான் போறேன்.

வயலின்_அம்மா (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

நடுவுல ஒரு சந்தேகம். என் பொண்ணு ஆஸ்திரேலியா போறா, வயலின் வாசிப்பா. கேபின்ல விடுவாங்களா? அவ தோழி கஞ்சிரா எடுத்துட்டுப் போறா, அதுல தோல் இருக்கே, பிடிங்கிடுவாங்களா?

நெல்லிக்குப்பத்துக்காரி

அம்மா, வயலினுக்கு ஏர்லைனுக்கு ஏர்லைன் சட்டம் மாறும். டிக்கெட் எடுத்த ஏர்லைன்கிட்ட மெயில்ல கேட்டு, அந்தப் பதிலை பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருக்கச் சொல்லுங்க. கவுன்ட்டர்ல அதுதான் பேசும். ஆஸ்திரேலியாவுல தோல் வாத்தியத்தை இறங்கும்போது குடுக்கற அட்டையில கட்டாயம் எழுதணும். எழுதினா பாத்துட்டுப் பெரும்பாலும் விட்டுடுவாங்க. எழுதாம மாட்டினா அபராதம்.

பண்ருட்டி_பலா

மூணாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. நம்ம ஊர்ப் பலாவுலதான் பாதி நாட்டுக்கு வீணையும் மிருதங்கமும் செய்யறாங்க, அதனால நான் பேசலாம்னு நினைக்கிறேன். எங்க சித்தப்பா மூட்டு, அதாவது மிருதங்கத்து வாயில மாட்டற தோல், கட்டறவர், சின்னதுல இருந்து பட்டறையில வளந்தவன் நான்.

ஹெச்சை எடுத்துட்டுப் போ. யோசிக்கவே வேணாம். தக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதிப் பாட்டுக்கு, அதாவது ஆம்பளைப் பாடகருக்கு. நீ அங்க யாருக்கு வாசிக்கப் போற? டான்ஸ் கிளாஸ் பொண்ணுங்களுக்கும் பாட்டு கிளாஸ் பொண்ணுங்களுக்கும்தான். எல்லாம் அஞ்சு, அஞ்சரை, ஆறுன்னு இருக்கும். தக்கை எவ்வளவு அடிச்சு ஏத்தினாலும் அஞ்சுக்கு வராது, தோல்தான் கிழியும். எடையும் பாரு. கேஸோட சேத்தா தக்கு பெட்டியில பாதியைத் தின்னுடும். நிறைய ஏர்லைன்ல ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். ஊறுகாய்க்கு இடம் வேணாமா?

அடுத்தது, மூட்டை இழுத்துப் பிடிக்கறது தோல் வாரா, நட்டு போல்ட்டா? வார் பிடிச்சதோட நாதம் வேறதான், ஒத்துக்கறேன். ஆனா அங்க வார் இழுத்துக் கட்ட யார் இருக்கா? நட்டு போல்ட்டுன்னா ஸ்பேனரை வச்சு நீயே மூட்டு மாத்திக்கலாம். உன்கிட்ட இருக்கறது வார்னா, போறதுக்கு முன்ன அதே மரக்கட்டைக்கு நட்டு போல்ட் போட்டுக்கோ. சுருதி சேக்கத் தட்டற கல்லும் மரப் புள்ளும் மறக்காம பெரிய பெட்டியிலயே போடு. கையில வச்சிருந்தா செக்யூரிட்டியில கல்லைப் பாத்துக் கதை கேப்பாங்க.

முக்கியமான சேதி காத்து. நம்ம ஊரு கடலோரம், ஈரக்காத்துலயே தோல் இருந்து பழகிடுச்சு. மழை நாள்ல வலந்தலை (வலது பக்கத் தோல்) எப்படி மொத்தையாப் பேசும்னு உனக்கே தெரியும். அங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட ரூம்ல காத்து காஞ்சு கிடக்கும். தோல் இறுகும், சுருதி தானா ஏறும். கவனிக்காம விட்டா ஒரு நாள் காலையில பட்டுன்னு விட்டிருக்கும். வலந்தலை நடுவுல இருக்கற கறுப்புக் கரணையும் காஞ்சு வெடிச்சு அந்தச் சாதப் பூச்சு பொடிப்பொடியா உதிரும். அதனால இங்க மூட்டு கட்டும்போதே அரைக்கட்டை இறக்கியே கட்டச் சொல்லு. அங்க வாசிச்சு முடிச்சதும் நட்டை ஒரு சுத்து தளத்தி வை. எப்பவும் கேஸுக்குள்ள, ஹீட்டர் இருக்கற சுவத்துக்கு எதிர்ச் சுவத்துல வை. ஜன்னலோரம் வேணாம். விமானத்துல போடும்போதும் தளத்தித்தான் போடணும்.

தொப்பியில அப்பற ரவை எந்த இந்தியன் கடையிலயும் கிடைக்கும். வாசிச்சு முடிச்ச உடனே சுரண்டித் தொடைச்சுடு. அங்க காத்துல அது காஞ்சு கல்லாயிடும், அப்புறம் சுரண்டினா தோல் சேர்ந்து வரும்.

செயற்கைத் தோல் மிருதங்கமும் வந்திருக்கு, வெயில் குளிர் எதுக்கும் அசையாது. வெளிநாட்டுல இருக்கறவங்க நிறைய பேர் வாங்கறாங்க. சித்தப்பாகிட்ட அந்தப் பேச்சை எடுத்தா சோறு கிடைக்காது, ஆனா ஒத்திகைக்கு அது போதும்னுதான் நான் சொல்வேன்.

கணக்குப்புள்ள

பலா, மூட்டு ஒண்ணு என்ன விலைன்னு சொல்லலியே. அதையும் கடன்ல சேக்கணும்ல?

பண்ருட்டி_பலா

அண்ணே, நம்ம ஊர்ப் பையனுக்கு வெலை பேசறதை இங்க பேச மாட்டேன். நேர்ல வரட்டும்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட இந்த இழையை அப்படியே படிச்சுக் காட்டினேன். கணக்குப்புள்ள அண்ணன் எழுதினதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஜெர்மனின்னு முடிவு பண்ணிட்டேன். படிப்புக் கட்டணம்தான் முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ரெண்டும் சமமா இருந்திருந்தாலும் இங்கிலாந்து விசாவுல அந்த அடுத்த வரியைப் படிச்சப்புறம் மனசு போகல. முதல் வருஷம் காசுக்கு வாசிக்கறதைப் பத்தி நினைக்கப் போறதில்ல. பல்கலைக்கழகத்துல உதவியாளர் வேலை தேடறேன். வாத்தியார் ஐயா, கொன்னக்கோல் விஷயம் மனசுல இருக்கு. இங்க இருக்கற நாள்லயே நோட்டேஷன் படிக்கவும் ஆரம்பிச்சுட்டேன், மாதா கோயில்ல கீபோர்டு வாசிக்கற நண்பன் சொல்லித் தர்றான்.

பலா அண்ணே, ஞாயித்துக்கிழமை பண்ருட்டி வர்றேன், ஹெச்சோட. ரூர் அண்ணே, டார்ட்மண்ட்ல இருந்து உங்க பக்கம் எவ்வளவு தூரம்? ஒத்திகை எந்த நாள்ல? சுருதி என்னன்னு சொன்னா இங்கயே அதுக்கு மூட்டு கட்டிக்கறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

நல்லது. புறப்படும் முன் உங்கள் குருவை நேரில் பார்த்து, எந்தெந்தப் பாடத்தை இணையத்தில் தொடர்வது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

ரூர்_தமிழன்

டோர்ட்முண்டோ? அது பக்கம்தான் தம்பி, ரயிலிலை அரை மணித்தியாலமும் வராது. ஒத்திகை சனிக்கிழமை பின்னேரம். ரெண்டு பிள்ளையள் அஞ்சரைக் கட்டை, ஒராள் ஆறு. அஞ்சரைக்குக் கட்டுங்கோ, ஆறுக்காரியை டீச்சர் இறக்கிப் பாட வைப்பா. காசு கதை வேண்டாம், சாப்பாடும் ரயிலடியிலை இருந்து கூட்டிக்கொண்டு வாறதும் எங்கட பொறுப்பு. இஞ்ச எங்கட சங்கத்திலை ஒரு பழைய மிருதங்கம் வலந்தலை கிழிஞ்சு கிடக்கு. பண்ருட்டியிலை மூட்டு ரெண்டாக் கட்டச் சொல்லுங்கோ, ஒண்டு எங்களுக்கு. அளவை இண்டைக்கு இரவு அளந்து போடுறன், அந்தக் காசை உங்கட சித்தப்பாவுக்கு நேராவே அனுப்பலாமோ பலா?

பண்ருட்டி_பலா

அனுப்பலாம்ணே. வலந்தலை வாய் அளவு மட்டும் பத்தாது, போல்ட்டு எத்தனை, வளையத்தோட தடிமன் என்னன்னும் பாத்துப் போட்டோவோட அனுப்புங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா தம்பி கையிலயே ரெண்டையும் குடுத்துடுவோம்.